ஜானகியம்மா கேட்காத கேள்வி

வாடகைக்கு வீடு கிடைத்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நம் மலர்க்கொடிக்கு மட்டும் சாவி கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து நிம்மதி போய்விட்டது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போன வாரம் வரைக்கும் அவளோடு தெருத் தெருவாக அலைந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் கதை கேட்க வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டின் மேலேயே இருந்தது அவர்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். ஏழு வயது அபிநயாவுக்கு வீசிங். "மருந்து நான் தரேன், காத்த நீங்கதான் மாத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலர்க்கொடியின் புருஷன் பழனிவேலுக்குப் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. சரி, பெரம்பலூருக்கே போய்விடலாம் என்று வீடு தேட ஆரம்பித்தார்கள்.

எல்லா ஓனரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். எந்த ஊரு? தா.பழூர். அட, நம்ம பக்கம்தான். தா.பழூர்ல எந்தத் தெரு? அங்கேதான் பேச்சு நிற்கும். தெருப் பேரைச் சொன்னதும் ஓனருக்குத் திடீரென்று ஓர் அண்ணன் மகன் முளைப்பான். அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம், வீடு அவனுக்கே வேண்டும். இத்தனை அண்ணன் மகன்கள் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற ஊரில் மண்டபங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மலர்க்கொடி லேப் டெக்னீஷியன். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறவள். அதில் ஒருநாளும் அவள் தெருப் பேரைப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற படைவீரர் நகர். எழுபத்தொன்றாம் வருஷ யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர்கள் மனை வாங்கிப் போட்ட இடம். வாசலுக்கு வாசல் வேப்பமரம். சத்தமே கிடையாது. குக்கர்கூட அங்கே கூச்சப்பட்டுத்தான் விசில் அடிக்கும். அந்தத் தெருவில் கணவரை இழந்த ஜானகியம்மா தன் மாடி வீட்டை இவர்களுக்குக் கொடுத்தார்.

கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மோட்டார் போட்டா, டேங்க் ரொம்புனதும் மறக்காம நிறுத்துவியாம்மா?"

அவ்வளவுதான். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டபோது கோபம் வந்தது. இந்த அம்மா கேட்காதபோது பயம் வந்துவிட்டது.

இன்று பால் காய்ச்சுகிற நாள்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கியாயிற்று. சாமான்கள் குட்டியானை வேனில் பின்னால் வருகின்றன. அரியலூர் வீட்டுச் சாவியை ஓனரிடம் கொடுத்தாயிற்று. நாளைக்கே அங்கே வேறு ஆட்கள் குடிவருகிறார்கள். திரும்பிப் போக இடமில்லை.

தா.பழூரிலிருந்து பழனிவேலின் அக்கா ராசாத்தி வந்திருந்தாள். ஒரு கையில் அரிசி மூட்டை, இன்னொரு கையில் புதுப் பானை. வந்ததும் இரண்டையும் இறக்கி வைத்துவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். குளியலறைக் குழியை மோந்து பார்த்தாள். ஃபேன் மாட்டுகிற கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏ புள்ள மலரு, இந்த வூட்ல யாராச்சும் தொங்கிட்டாங்களா?"

"அண்ணி! வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது?"

"பின்ன என்னடி? காத்து அள்ளிக்கிட்டுப் போவுது. தண்ணி இருக்கு. வாடகையும் நாயமா இருக்கு. அந்தம்மா ஒண்ணுமே கேக்காம குடுத்துட்டாங்கற. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பிடாத."

"நீங்க முதல்ல கீழ போய்க் கோலத்தப் போடுங்க அண்ணி. ஏழரைக்குள்ள பால் பொங்கணும்."

"போடுறேன், போடுறேன். அந்தக் கொக்கியில ஒரு எலுமிச்சம்பழத்தக் கட்டு, சொல்லிட்டேன்."

கோலமாவு டப்பாவோடு அவள் படியிறங்க, ஜானகியம்மா படியேறி வந்தார். கையில் மாவிலைக் கொத்து. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரை வியாதி உடம்பு; படியேறினால் மூச்சு வாங்கும். நின்று நிதானித்து, அறைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தார். மூலையில் பாய் மேல் அபிநயா மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மலரு, இங்க வாம்மா. இன்னிக்கு என் கொழுந்தன் வராரு. கீழப்பழுவூர்ல இருக்காருல்ல, அறிவரசன். வூட்டுக்குப் புதுசா யாரு வந்துருக்காங்கன்னு பாக்க வராராம்."

"வரட்டுங்கம்மா. பால் குடிச்சிட்டுப் போகட்டும்."

"அதில்ல." ஜானகியம்மாவின் குரல் இறங்கியது. "எந்த ஊருன்னு கேட்டாருன்னா, பூலாம்பாடின்னு சொல்லு."

மலர்க்கொடி விழித்தாள். "நாங்க தா.பழூருங்கம்மா."

"தெரியும். இன்னிக்கு ஒரு நாளைக்குப் பூலாம்பாடி. அதுக்கு மேல ஏதும் கேட்டா, எங்கிட்ட அனுப்பிடு."

மாவிலையைக் கையில் திணித்துவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? தன் மடியில் என்ன கனம் இருக்கிறது என்று மலர்க்கொடிக்குப் புரியவில்லை. ஆனால் யாரோ எதையோ கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டைப் பேசி முடித்தது யார்? பழனிவேல். முதல் நாள் தனியாக வந்து பார்த்தது யார்? பழனிவேல். சமையலறையில் அடுப்புக்கு கேஸ் டியூப் மாட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, அந்தம்மாகிட்ட நம்மளப் பத்தி என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலயே."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவன் டியூபைப் பார்த்தே சொன்னான். "அவங்க போன் ரிப்பேருக்கு வந்தாங்க. என் போன்ல அய்யனார் குதிரை படம் இருக்குல்ல, அதப் பாத்துட்டாங்க. ஓடைக்கரை அய்யனாரான்னாங்க. ஆமான்னேன். எங்க வூட்டுக்காரருக்கும் அதான் குலசாமின்னாங்க. அப்பத்தான் மாடி காலியா இருக்குன்னு பேச்சு வந்துச்சு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல."

"அதான் கேக்கறேன். ஏன் பேசல?"

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். ஓடைக்கரை அய்யனார் இரண்டு தரப்புக்கும் குலசாமிதான். ஜானகியம்மாவின் புகுந்த வீட்டுக்காரர்கள் மதிலுக்கு உள்ளே நின்று கும்பிடுவார்கள். பழனிவேல் வகையறா மதிலுக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்று கும்பிடுவார்கள். இப்போது யாரும் தடுப்பதில்லை என்று பேர். யாரும் உள்ளே போவதும் இல்லை.

"உள்ள நிக்கற பங்காளின்னு அவங்க நெனச்சுக்கட்டும்னு விட்டீங்க. அப்படித்தானே?"

"பொய் சொல்லல மலரு."

"மீதியச் சொல்லாம விட்டீங்க. அது மட்டும் மெய்யா?"

பழனிவேல் எழுந்து நின்றான். கோபமாக ஏதோ சொல்ல வந்தவன், மூலையிலிருந்த பாயைக் கை காட்டினான்.

"பாப்பாவப் பாரு. வந்ததுலேருந்து ஒரு தடவ இருமுச்சா? வாய மூடித் தூங்குது. அது வாய மூடித் தூங்கி எவ்ளோ நாளாச்சு? இத விட்டுட்டு எங்க போவ, சொல்லு."

மலர்க்கொடி பார்த்தாள். அபிநயாவின் நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது. அரியலூரில் ராத்திரியெல்லாம் அந்த நெஞ்சிலிருந்து விசில் கேட்கும். குழந்தையை உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே விடிய வைப்பாள். இங்கே சத்தமே இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீடு வேண்டும். வேறு எதையும்விட இந்த வீடுதான் வேண்டும். அந்த ஆசைதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"தெரிஞ்சப்புறம் வெளிய போன்னா என்ன பண்ணுவீங்க? பாப்பா இங்க நாலு கூட்டாளி புடிச்சப்புறம், ஸ்கூல்ல சேத்தப்புறம், தெருவே நின்னு வேடிக்கை பாக்க சாமானத் தூக்கிக்கிட்டு நடக்கணுமா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன். பொய்யில பொங்கற பாலு என் புள்ளைக்கு வேணாம்."

"நல்ல நேரம் போயிரும்டி!"

"நேரம் நல்லா இருந்து என்ன? மனுசங்க நல்லா இருக்கணும்ல."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு, வேனுக்கு வழி காட்டணும் என்று முனகியபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் தெருமுனையில் வேலை வரும்.

ஜானகியம்மா கீழ் வீட்டுச் சமையலறையில் இட்லித் தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சுவரில் பட்டாள உடுப்போடு அவர் மாமனார் படம். மலர்க்கொடி வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"இல்லைங்கம்மா. ஒண்ணு சொல்லிட்டு வரலாமான்னு கேக்கறேன். எங்க வீட்டுக்காரரு உங்ககிட்டப் பாதிதான் சொல்லிருக்காரு. ஓடைக்கரை அய்யனாருதான் எங்களுக்கும் சாமி. ஆனா நாங்க..."

"புளியமரத்தடி." ஜானகியம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

மலர்க்கொடி தன்னையறியாமல் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா அந்தக் கோயில்ல படையல் போடுறேன். மதிலுக்கு உள்ள நிக்கறதெல்லாம் என் புருசன் வகையறா. அத்தினி பேருக்கும் நான் எல போட்டுப் பரிமாறிருக்கேன். ஓடைக்கரை சாமின்னு ஒருத்தன் சொல்றான், எனக்கு அவன் மூஞ்சி தெரியலன்னா, அவன் மதிலுக்கு வெளிய நிக்கறவன்தானே? இதக் கண்டுபுடிக்கக் காலேஜா போவணும்?"

தெருமுனைக்குப் போன பழனிவேல் இங்கே நின்று இதைக் கேட்டிருக்க வேண்டும்! குலசாமி பேரைச் சொல்லிப் பங்காளியாகிவிடலாம் என்று பார்த்தானே. பங்காளி யார் என்பது பங்காளிக்குத் தெரியாதா?

"தெரிஞ்சே குடுத்தீங்களா? அப்புறம் எதுக்குப் பூலாம்பாடி?"

ஜானகியம்மா தட்டைக் கீழே வைத்தார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் பெரிய உத்தமின்னு நெனச்சுக்காத. இந்த வூட்டுல பாதி எங்கொழுந்தனுக்கு. மாடியில அவன் மச்சானக் குடி வைக்கணுங்கறான். மச்சான் வந்தா மாடி அவனுது. அப்புறம் கீழ் வூடும் அவனுது. நான் பின்கட்டுல மோட்டார் ரூமுல படுத்துக்கணும். எங்க ஆளுங்க யாருக்கு வுட்டாலும், நாளைக்குப் பஞ்சாயத்துன்னு வந்தா அவன் பக்கம்தான் பேசுவாங்க. ஆம்பள சொத்து, பொம்பளைக்கு என்னன்னு. அவனுக்குச் சொந்தமில்லாத ஆளு எனக்கு வேணும். அதான் என் அம்மா வழி, பூலாம்பாடிச் சொந்தம்னு சொல்லி வச்சேன்."

"அப்ப நாங்க உங்க வேலிக்குப் போட்ட முள்ளு."

சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஜானகியம்மா சுவரிலிருந்த மாமனார் படத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "அப்படித்தான் வச்சுக்கயேன். எங்க மாமனாரு சொல்லுவாரு, பட்டாளத்துல எல்லாரும் ஒரே பந்தியில சாப்ட்டோம், இங்க வந்து மனை போட்டதும் தெருவப் பிரிச்சுக்கிட்டோம்னு. சொல்லிச் சிரிப்பாரு. சிரிப்பாரே தவிர, அவரும் ஒண்ணும் செய்யல. நானும் ஒண்ணும் செய்யல. எனக்குப் பயம் மலரு. அவன் தெரு ஆளுங்கள எல்லாம் கூட்டிருவான். இன்னிக்கு ஒரு நாளு பூலாம்பாடின்னு சொல்லிரு. உம் புள்ளைக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

மலர்க்கொடி நின்றாள். ஒரு வார்த்தைதான். பூலாம்பாடி. அவள் ஒருமுறைகூடப் போகாத ஊர். அதைச் சொல்லிவிட்டால் அபிநயா இன்று ராத்திரி வாயை மூடித் தூங்குவாள். நாளை ராத்திரி? நாளை மறுநாள் அந்த மனுஷன் பூலாம்பாடியில் யாரையாவது விசாரித்தால்? இந்த அம்மாவுக்குச் சொத்துத் தகராறு முடிந்ததும் வேலிக்கு முள் எதற்கு?

இவரை நம்பலாமா? அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

வாசலில் புல்லட் சத்தம் கேட்டது.

அங்கே ராசாத்தி கேட்டுக்கு வெளியே குனிந்து கோலத்துக்குக் காவி இழுத்துக்கொண்டிருந்தாள். புல்லட்டில் வந்தவருக்கு வெள்ளை வேட்டி, கழுத்தில் மெல்லிய செயின், சட்டைப் பையில் பெரிய போன். அறிவரசன் வண்டியிலிருந்து இறங்காமலே விசாரித்தார்.

"மாடிக்கு வந்துருக்கவங்களா? பூலாம்பாடிங்களா நீங்க?"

ராசாத்திக்கு இந்த நாடகம் எதுவும் தெரியாதே! நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"பூலாம்பாடியா? அது எந்தப் பக்கமுங்க? நாங்க தா.பழூருங்க."

உள்ளே ஜானகியம்மா மலர்க்கொடியின் கையை இறுக்கிப் பிடித்தார். விரல்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு சில்லென்று இருந்தன.

"தா.பழூரா?" அறிவரசனின் புருவம் ஏறியது. "தா.பழூர்ல எந்தத் தெருங்க?"

வந்துவிட்டது. எங்கே போனாலும் பின்னாலேயே வருகிற கேள்வி, புல்லட் ஏறி இங்கேயும் வந்துவிட்டது.

ராசாத்தி வாயைத் திறந்தாள். அதற்குள் மலர்க்கொடி கையை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

"காலனித் தெருங்க. ஓடைக்கரை அய்யனாருதான் எங்களுக்கும் சாமி. நீங்க மதிலுக்கு உள்ள நின்னு கும்பிடுவீங்க. நாங்க புளியமரத்தடியில நின்னு கும்பிடுவோம். பாத்திருப்பீங்க. மாடியில இப்பப் பால் காச்சப் போறோம். நீங்களும் வாங்க, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று பாதி திறந்தது. ராசாத்தி கையிலிருந்த காவி மாவு அவள் காலிலேயே கொட்டியது.

புது வீட்டுப் பாலை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரி வீடாக இருந்தாலும் நாக்கையாவது நனைத்துவிட்டு வருவார்கள். அறிவரசன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரேன் என்றும் சொல்லவில்லை. வண்டியை முன்னால் நகர்த்தினார். முன் சக்கரம் ராசாத்தியின் கோலத்தின் மேல் ஏறியது. கேட்டுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, அதன் மேலேயே சாய்ந்துகொண்டு போனை எடுத்தார். வாயிலிருந்த 'ங்க' எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"மச்சான், கெளம்பி வா. ஆமா, இப்பவே. நம்ம ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு வா. அண்ணி யாரக் குடி வச்சிருக்குன்னு வந்து பாரு."

மலர்க்கொடி திரும்பி, வாசற்படிக்கு வந்திருந்த ஜானகியம்மாவைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. திரும்பி உள்ளே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவ்வளவுதான் என்று நினைத்தாள் மலர்க்கொடி. முள் குத்திவிட்டது, எடுத்து எறிய வேண்டியதுதான். மாடியில் தூங்குகிற குழந்தையை எப்படி எழுப்புவது, எழுப்பி என்ன சொல்வது?

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் ராசாத்தி, மெதுவாக. "அந்தக் கொக்கியில எலுமிச்சம்பழம்..."

"அண்ணி, சும்மா இருங்க."

கதவு மறுபடியும் திறந்தது.

ஜானகியம்மா வெளியே வந்தார். கையில் அவர் வீட்டு எவர்சில்வர் டம்ளர். தினமும் அவர் காபி குடிக்கிற டம்ளர்; மாடி வீட்டு டம்ளர்கள் இன்னும் வேனில்தான் இருக்கின்றன. கொழுந்தனைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலையும் பார்க்கவில்லை. மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முதல் படியில் காலை வைத்தார்.

"அண்ணி!" என்றார் அறிவரசன். "அந்த வூட்டுல நீங்க வாய நனைச்சீங்கன்னா, நம்ம வகையறாவுல ஒருத்தரும் உங்க வாசல மிதிக்க மாட்டாங்க. யோசிச்சுக்குங்க."

ஜானகியம்மா நின்றார். யோசித்தார் என்றுதான் தோன்றியது. பிறகு இரண்டாவது படி ஏறினார்.

"என்ன மலரு, நின்னுக்கிட்டே இருக்க? போய் அடுப்பப் பத்த வை. எனக்குச் சக்கரை மட்டும் போட்டுறாத."

தெருமுனையில் குட்டியானை வேன் ஹாரன் அடித்தது. அறிவரசன் வண்டியை நகர்த்தவில்லை.